கண்டது கண்ட அளவு

நேரம் என்ன என்று கேட்டால்கூட அவர் சும்மா சொல்லிவிட மாட்டார். தலையைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பார். "அந்த மணிக்கூட்டுப்படி ஒம்பது பத்து" என்பார். மணிக்கூடு முந்தி ஓடினாலும் பிந்தி ஓடினாலும் அதற்குத் தான் பிணை இல்லை என்று அர்த்தம்.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் இரத்தத்தை மெஷினில் விட்டுக் கழுவி மறுபடியும் உடம்புக்குள் ஏற்றுகிற வார்ட் அது. ஆறு கட்டில். கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் சனியும், ஒவ்வொரு நாளும் நாலு மணித்தியாலம். ஜன்னலோரக் கட்டில் அவருடையது, அதற்கு அடுத்தது என்னுடையது. ஒன்றரை வருடம் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். கட்டிய பெண்சாதியோடு கூட நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்ததில்லை. மில்லும் லொறியுமாகவே என் காலம் போனது.

அவர் பாண்டிருப்புப் பக்கத்துப் பெண்மணி. ஆஸ்பத்திரி லேப்பில் முப்பது வருடம் இரத்தமும் சலமும் பரிசோதித்தவர். படித்த பெண் என்பதால் வார்டில் எல்லாரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "நான் டீச்சர் இல்ல. லேப்பில வேலை செஞ்சனான்." நூறு தரம் கூப்பிட்டால் நூறு தரமும் திருத்துவார், கோபமில்லாமல். இல்லாத ஒரு மரியாதையைக்கூட வாங்கிக்கொள்ள அந்த மனுஷிக்கு மனம் வராது. நான் அந்த நேரம் ஹஜ்ஜுக்குப் போயிருக்கவில்லை. ஆனாலும் ஊரெல்லாம் என்னை 'ஹாஜியார்' என்றே கூப்பிட்டது, நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

ஊசி குத்துகிற நர்ஸ் மிஸ் "வலிக்குதா அக்கா?" என்று கேட்பா. நாங்கள் என்றால் ஓம் என்போம், இல்லை என்போம். அவர் விரலை வைத்து அளப்பார். "இதில இருந்து ரெண்டு விரல் மேல மட்டும் வலிக்குது. அதுக்கு மேல இல்ல." ஒருதரம் எதிர்க்கட்டில்காரருக்கு ஒலுவிலிலிருந்து மீன் வந்தது. கட்டில் கட்டிலாகக் காட்டிக்கொண்டு வந்து, "இண்டைக்குப் புடிச்சது டீச்சர், பாருங்க" என்றார். அவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "செவுள் சிவப்பா இருக்கு. இண்டைக்குப் புடிச்சதா எண்டு எனக்குத் தெரியா. நான் டீச்சரும் இல்ல." வார்டே சிரித்தது. மீன்காரருக்குக் கொஞ்சம் மூஞ்சி கறுத்துவிட்டது.

இப்படி ஒரு குணத்துக்குப் பின்னால் ஏதாவது கதை இருக்கும் என்று நினைத்தேன். வேலை செய்த காலத்தில் பிழையான ரிப்போர்ட் கொடுத்து யாரையாவது சாகவிட்டிருப்பாரோ என்று ஒரு சந்தேகம். ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"அப்பிடி ஒண்டும் இல்ல ஹாஜியார். நான் சின்னதில இருந்தே இப்பிடித்தான். கலியாணம் பேசி வந்தவங்க, நல்லாச் சமைப்பியா எண்டு கேட்டாங்க. கத்தரிக்காய் நல்லா வரும், மீன் எப்பவும் சரிவாறல்ல எண்டு சொன்னன். அவங்க போயிட்டாங்க."

"மறுகா?"

"மறுகா ஒருத்தரும் வரல்ல."

என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், அப்போதுதான் அவரை விளங்கும். நான் படித்தது நாலாம் வகுப்பு. கல்முனைச் சந்தையில் மூட்டை சுமந்தவன். முப்பத்தைந்து வயதில் சொந்தமாக அரிசி மில் போட்டேன், அதற்குப் பிறகு இரண்டாவதும் போட்டேன். நெல்மணி ஒன்றைப் பல்லில் கடித்தால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மெஷின் வைத்துப் பார்க்கிற ஆட்கள் பிறகு பார்த்து அதையேதான் சொல்வார்கள். மூன்று மகள்மாருக்கும் மூன்று வீடு கட்டிக் கொடுத்தேன், மூன்றும் மேல்மாடி வீடு. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காத வாப்பா தலை நிமிர்ந்து நடக்க மாட்டான். நான் நிமிர்ந்து நடந்தவன். எதையும் அடித்துச் சொல்வேன். மழை வரும் என்றால் வரும், விலை ஏறும் என்றால் ஏறும். ஏறாவிட்டால் ஏறின மாதிரிக் கதைத்து விற்றுவிடுவேன். அந்த வாயால்தான் நான் முன்னுக்கு வந்தேன், அதை மறைக்கத் தேவையில்லை. மூட்டை சுமந்த தோள் இப்போது சட்டை சுமக்கவும் சலிக்கிறது, அது வேறு கதை.

அந்த வார்டில் படுத்த முதல்நாளே, "ஆறு மாசத்தில நான் எழும்பி நடந்து போறனா இல்லயா பாருங்க" என்று அறிவித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கேட்டார்: "எதை வெச்சுச் சொல்றீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஒரு வருடம் போயிருக்கும். கட்டாரில் இருக்கிற என் மகன் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். சிறுநீரகத்தில் குருத்தணு என்று ஒன்று இருக்கிறதாம், அதற்குள் இருக்கும் ஒரு புரதம் பழுதான திசுவைத் திருத்த உதவுகிறதாம். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தலைப்பை வாசித்தேன். தலைப்புக்குக் கீழே போகவில்லை. போகத் தேவையும் தோன்றவில்லை. குருத்து என்றால் எனக்குத் தெரியாதா? தென்னையும் நெல்லும் பார்த்து வளர்ந்தவன் நான். 'கிட்னி திரும்பத் துளிர்க்கப் போகுது' என்று முடிவெடுத்துவிட்டேன்.

அன்று மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலில் நார்சா கொடுத்தேன். நல்ல காரியம் நடந்தால் தொழுகை முடித்து வருபவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பது எங்கள் வழக்கம். சின்னதாகக் கொடுக்க எனக்குத் தெரியாது, ஆளுக்கொரு பெட்டி கொடுத்தேன். "மருந்து வந்துட்டு" என்று நானே வாசலில் நின்று சொன்னேன். அது போதாதென்று, அடுத்த செவ்வாய்க்கிழமை வார்டுக்கு நல்ல அஜ்வா பேரீச்சம்பழம் ஆறு பெட்டி கொண்டுபோனேன்.

கட்டில் கட்டிலாக வைக்கச் சொன்னேன். அவர் தன் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"ஹாஜியார், இதில பொட்டாசியம் கூடுதல். இந்த ரூமில கிடக்கிற ஒருத்தரும் இதச் சாப்பிடக்கூடாது."

"ஒண்டு தின்னா செத்தா போவம்?"

"ஒண்டு திண்டா என்ன ஆகும் எண்டு எனக்குத் தெரியா. ஒரு பெட்டிய நீங்க வெறுங்கட்டிலுக்கும் வெச்சிருக்கீங்க, அத மிஸ்மாருக்குக் குடுங்க."

ஆறு பெட்டியும் மிஸ்மாருக்கே போனது. என்ன விசேஷம் என்று பிறகு அவர் கேட்டார். நான் போனை நீட்டினேன். அவருடைய ஒரு கை மெஷினோடு கிடந்தது. மற்றக் கையால் போனை நெஞ்சில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பிறகு மேலே போய் மறுபடியும் வாசித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன சொல்றீங்க? வந்துட்டா இல்லயா?"

"செய்தி வந்திருக்கு."

"மருந்து?"

போனைத் திருப்பித் தந்தார். அவர் அன்றைக்குச் சொன்னதை நான் பல தரம் யோசித்து மனதில் வைத்திருக்கிறேன், அதனால் அப்படியே எழுத முடிகிறது.

"கிட்னிக்குள்ள கொஞ்சச் செல் இருக்கு. தனக்கு என்ன வேலை எண்டு இன்னும் முடிவெடுக்காத செல். அதத்தான் குருத்தணு எண்டு எழுதியிருக்காங்க. கிட்னியில காயம் பட்டா அந்த இடத்தத் திருத்த அது உதவுது. அதுக்குள்ள இந்தப் புரதம் இருந்தா திருத்த வேல நல்லா நடக்குது, இல்லாட்டிக் குறையுது எண்டு பாத்திருக்காங்க. புரதம் வீடு கட்டுற மேசன் மாதிரி எண்டு வெச்சுக்கொள்ளுங்க..." என்று சொல்லி நிறுத்தினார். "இல்ல, அப்பிடிச் சொல்லக்கூடாது. அது மேசன் மாதிரியா எண்டு எனக்குத் தெரியா. பாத்ததெல்லாம் ஆய்வுகூடத்தில. மனுசருக்கு உதவக்கூடும் எண்டுதான் எழுதியிருக்கு."

"உதவும்தானே?"

"உதவக்கூடும்."

"ரெண்டும் ஒண்டுதான்."

அவர் என் தொழிலுக்குள்ளேயே கையை விட்டார்.

"ஒரு லொறி நெல்லு வாங்கக்குள்ள எப்பிடிப் பாப்பீங்க?"

"மூட்டைக்குள்ள ஊசி குத்தி நெல்லு எடுத்துப் பாப்பன்."

"எத்தின மூட்டையில?"

"மேல, நடுவில, அடியில. பத்துப் பதினஞ்சு மூட்டையில குத்தாம விட மாட்டன். மேல நல்ல நெல்ல அடுக்கி, அடியில ஈரத்தப் போட்டுத் தாறவனும் இரிக்கான்."

"இது ஒரு மூட்டையில குத்திப் பாத்த கதை, ஹாஜியார். நல்ல நெல்லுத்தான். ஆனா லொறி இன்னும் உங்கட மில்லுக்கு வரல்ல. எவ்வளவு தூரத்தில வருது எண்டும் தெரியா."

நான் அப்போதும் விடவில்லை. "இன்ஷா அல்லாஹ் வரும்" என்றேன், பேரம் முடிந்தமாதிரி.

"நீங்க இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்றதும் இதத்தானே?" என்றார் அவர். "அவன் நாடினா எண்டுதானே அர்த்தம்? நானும் அதத்தான் சொல்றன்."

அறுபது வருடமாக நான் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன். லொறி வரும் என்று உறுதி கொடுப்பதற்காகச் சொன்னேன், பணம் நாளைக்குத் தருகிறேன் என்று ஆளை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னேன். அதன் அர்த்தத்தை முஸ்லிமல்லாத ஒரு தமிழ்ப் பெண் ஊசி ஏறின கையோடு எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அந்தச் செய்தியை நான் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. என் இளைய மகள், இரண்டு பிள்ளைகளின் தாய், தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை, செய்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரியாமல் இரத்தம் கொடுத்துப் பார்த்து, பொருந்துகிறது என்று கடிதமும் வாங்கி, மருமகனின் சம்மதமும் எடுத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தாள். கண்டியில் ஒப்பரேஷன். நான் ஓம் என்று சொன்னால் தேதி தருவார்கள்.

நான் எப்படி ஓம் சொல்வது? மகளுக்கு வாப்பா கொடுப்பான். வீடு கொடுப்பான், நகை கொடுப்பான், வளவு கொடுப்பான். மகளிடம் வாங்குகிற வாப்பாவை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. அதுவும் உடம்பை அறுத்து. அவள் ஒப்பரேஷன் மேசையில் கிடப்பதை நினைக்கவே எனக்குப் பயம். அதை வெளியே சொல்லத் தெரியாமல், "மருந்து வந்துட்டு, கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் நம்பவில்லை. "படிச்ச ஒராள் சொல்லட்டும், பொறுக்கிறன்" என்றாள்.

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கட்டிலிடம் கேட்டேன். ஜீவியத்தில் ஒருவரிடமும் கேட்டுப் பழகாத குரலில் கேட்டேன்.

"தங்கச்சி, என்ட மகள் உங்களிட்டக் கேப்பா. மருந்து வருது, ஒரு வருசம் பொறுங்க எண்டு மட்டும் சொல்லுங்க. போதும்."

"அது எனக்குத் தெரியாதே ஹாஜியார்."

"தெரியாட்டியும் சொல்லுங்க. ஒரு வார்த்த."

"அந்த ஒரு வருசத்தில உங்களுக்கு ஏதும் நடந்தா?"

"அது என்ட பாடு."

"இல்ல. நான் சொல்லி அவ பொறுத்தா, அது என்ட பாடும் தான்." இன்னும் ஒன்று சொன்னார். "அந்தச் செய்தி காயத்தத் திருத்திறதப் பத்தி. நம்மட ரெண்டு பேரிட கிட்னியும் இப்ப காயம் இல்ல, பழைய தழும்பு. அதுவும் டொக்டர் சொன்னது. நான் என்ட கிட்னியப் பாக்கல்ல."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். "உங்களுக்குத் தர ஒரு ஆளில்ல. அதான் மத்தவன் நம்புறதும் பொறுக்குதில்ல."

அவர் ஒரு கையால் தலைமாட்டுப் பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் நீட்டினார். அதே செய்தி. அண்ணன் மகளைக் கொண்டு அவள் படிக்கிற கம்பஸில் அச்சடித்து எடுத்தாராம், என் மகன் எனக்கு அனுப்புவதற்கு மூன்று கிழமைக்கு முன்னமே. மடித்து மடித்து விரித்ததில் மடிப்பு நைந்திருந்தது. 'உதவக்கூடும்' என்கிற வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. ஒரு கோடு போட்டு, அதன்மேல் இன்னொரு தரம் போட்ட மாதிரி அழுத்தமாக இருந்தது.

"அது எனக்குத்தான் முதல்ல வேணும், ஹாஜியார்" என்றார். அவருக்கு இதயம் பலமில்லை, யாராவது தந்தாலும் ஏற்ற முடியாது என்று டொக்டர்மார் சொல்லியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை நான் வார்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எழுதினால் சிரிப்பீர்கள். அட்டாளைச்சேனைப் பக்கம் வயல் அறுத்த பிறகு மிஞ்சிய நெல்லுத் தாளில் தண்ணீர் நின்றால் பச்சையாகத் துளிர் வரும், பார்த்திருப்பீர்கள். நிலத்தை உழாமல் கொத்தாமல் சும்மா விட்டால்தான் வரும். இந்த மெஷின் கிழமைக்கு இரண்டு தரம் போட்டு உழுவதால்தான் என் கிட்னியில் குருத்து வர வழியில்லை, கொஞ்சம் ஆறப்போட்டால் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன். நாலாம் வகுப்புக் கணக்கு. இரண்டு மில் நடத்துகிறவனின் திமிர்க் கணக்கு. மகள் கேட்டதற்கு, வார்டில் மெஷின் பழுது என்று சொல்லிவிட்டு மில்லில் போய் உட்கார்ந்தேன்.

துளிர் வரவில்லை. கால் வீங்கியது, முகம் வீங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் சுஜூதுக்கு நெற்றியைத் தரையில் வைத்தால் தலையை நிமிர்த்த மூச்சு இல்லை. சனிக்கிழமை காலையில் படுக்கவும் முடியாமல் கதைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்த என்னை மகள் வேனில் ஏற்றிக் கொண்டுபோனாள். நுரையீரலில் தண்ணீர். வார்டில் ஓடிவந்து என்னைத்தான் முதலில் மெஷினில் போட்டார்கள். ஜன்னலோரத்தில் அவர் தன் முறைக்குக் காத்துக்கொண்டு இருந்தார்.

எனக்குக் கண் தெளிந்தபோது மகள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"டீச்சர், ரெண்டு நாளும் மெஷின் பழுதா இருந்திச்சா?"

"நான் டீச்சர் இல்ல மகள். ரெண்டு நாளும் என்ட மெஷின் ஓடினது. செவ்வாய்க்கிழம உங்கட வாப்பாட மெஷினில வேற ஒராள் கிடந்தார்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த மருந்து வருமா?"

"வரலாம். எப்ப எண்டு கண்டுபுடிச்சவங்களும் எழுதல்ல. எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். இண்டைக்குக் காலையில உங்கட வாப்பாட நகம் நீலமா இருந்தது. அத நான் பாத்தன்."

"கிட்னி குடுத்தா எனக்கு ஒண்டும் ஆகாதே?"

இதற்காவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

"அதையும் நான் சொல்லேலா. குடுத்தவங்களுக்குப் பிறகு என்னென்ன நடந்தது எண்டு டொக்டரிட்டக் கேளுங்க. நல்லா இருக்கிறவங்கள மட்டும் கேக்காதீங்க, சுகமில்லாமப் போனவங்களையும் கேளுங்க. கேட்டுட்டு முடிவெடுங்க."

நான் ஒட்சிசன் முகமூடிக்குள்ளிருந்து கத்தினேன். "அவளப் பயங்காட்டாதீங்க!" ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் அவள் பயப்பட வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன், அது வேறு.

மகள் சிரித்துவிட்டாள். "எனக்கு இப்பதான் வாப்பா பயமில்ல. இவ பயப்பிடாத எண்டு சொல்லியிருந்தா வீட்ட போய் யோசிச்சிருப்பன்." பிறகு என் கட்டிலோரமாக வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நீங்க வீடு தந்தீங்க. நான் வேணாம் எண்டு சொன்னனா?"

டொக்டரிடம் போய் ஒன்றரை மணித்தியாலம் கேள்வி கேட்டாளாம். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். பிறகு நான் ஓம் என்றேன்.

மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டேன், என் பாஷையில். "அண்டைக்கு நான் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன்" என்றேன். அவர் வழக்கம்போல அளந்தார். "கொஞ்சம் இல்ல ஹாஜியார். நல்லாக் கூட." அதோடு முடிந்தது. பிறகு வந்த கிழமைகளில் அவரிடமிருந்து நான் சில பழக்கங்களை எடுத்துக்கொண்டேன். அவரைப் போல, மெஷினில் படுக்குமுன் எடை பார்க்கிற மேடையில் இரண்டு தரம் ஏறினேன். தலைப்புக்குக் கீழேயும் வாசித்தேன். மில்லில் ஒருவன் "இந்த நெல்லு எப்பிடி ஹாஜியார்?" என்று கேட்டதற்கு, "நான் கடிச்ச மணி நல்லம்" என்றேன். அவன் எனக்குச் சுகமில்லை என்று நினைத்து மகளுக்குப் போன் எடுத்திருக்கிறான்.

கண்டிக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை. வார்டில் என் கடைசி நாள் அது. அவர் அன்று மிகவும் களைத்திருந்தார். சில மாதமாகவே மெஷினில் போட்டதும் பிரஷர் விழுந்துவிடும், தலைமாட்டைத் தாழ்த்திவிடுவார்கள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். நான் போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"ஹாஜியார், அந்த மருந்து வருமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. இந்தக் கேள்வியை இவர் கேட்பாரா? அதுவும் என்னிடமா?

"என்னட்டயா கேக்கிறீங்க?"

"உங்களிட்டத்தான். நீங்க எல்லாத்தையும் அடிச்சுச் சொல்றவர்தானே. சொல்லுங்க."

முகத்தைத் திருப்பவில்லை. விளையாட்டுக்குக் கேட்கிறாரா, மெய்யாகவே கேட்கிறாரா என்று பார்க்க எனக்கு முகம் கிடைக்கவில்லை. ஈர நெல்லைக் காய்ந்த நெல் என்று விற்ற வாய் இது. விலை ஏறாதபோது ஏறும் என்று சொன்ன வாய். பள்ளிவாசல் வாசலில் நின்று மருந்து வந்துவிட்டது என்று ஊருக்கே அறிவித்த வாய். அன்றைக்கு அந்த வாய்க்கு என்ன நடந்ததோ தெரியாது. இன்ஷா அல்லாஹ் என்ற சொல்கூட அந்த நேரத்தில் வரவில்லை. ஒன்றரை வருடம் பக்கத்தில் கிடந்து அவரிடம் படித்ததை, நல்ல மாணவன்போல அவருக்கே திருப்பி ஒப்புவித்தேன்.

"வரலாம், தங்கச்சி" என்றேன்.

"ம். சரியாத்தான் சொல்றீங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கண்டியிலிருந்து திரும்பி, ஆறு மாதம் கழித்து மிஸ்மாரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் கோமாரியிலிருந்து வந்த ஒருவர் கிடந்தார். அந்த மணிக்கூடு பத்து நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறந்தது எப்போது என்று மிஸ் சொன்னா. நான் கண்டியில் தையல் பிரிக்கக் காத்திருந்த கிழமை அது.

ஐந்து வருடமாகிறது. மகளின் சிறுநீரகம் என் வலது இடுப்புக்குள் வேலை செய்கிறது. மகளும் சுகமாக இருக்கிறாள், இன்றைக்கு நான் பார்த்த அளவில். ஒரு நாளைக்குப் பதினாலு குளிசை விழுங்குகிறேன், படி ஏறி இறங்கக் களைக்கிறது. அவர் பெயரை இதில் நான் எழுதவில்லை. ஒருதரம் விளையாட்டாக, "உங்களப் பத்தி நான் எழுதப்போறன்" என்று சொன்னதற்கு, "எழுதினா இல்லாததையும் சேப்பீங்க, அதுக்கு என்ட பேரு வேணாம்" என்றார். ஒன்றும் சேர்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மகன் இன்றும் அந்தப் புரதத்தைப் பற்றி ஏதாவது வந்தால் அனுப்புகிறான். இரண்டு தரம் வாசிக்கிறேன். லொறி இன்னும் எங்கோ வந்துகொண்டுதான் இருக்கிறது. வாசித்து முடித்துப் போனை வைக்கும்போதெல்லாம் அந்தக் கட்டிலும், ஜன்னல் பக்கம் திரும்பிய தலையும் வரும். என் ஜீவியத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பொய் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்டு நான் சொன்னதில்லை. ஒரு பொய்யை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர், அவருக்குத்தான் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் 'வரும்' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். ஆனால் அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்டிருப்பார்.